பச்சை வளையம்

படைத்தளத்து மருத்துவமனையில் பதினாறு வருடம் உட்கார்ந்ததில் டாக்டர் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள். விமானி டாக்டரிடம் உண்மை பேசமாட்டான். காது வலித்தாலும் வலிக்கவில்லை என்பான். மூக்கு அடைத்திருந்தால் பிறந்ததிலிருந்தே என் குரல் இப்படித்தான் என்பான். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பறக்கலாம் என்று எழுதுவதும் பறக்கக்கூடாது என்று எழுதுவதும் அவள் பேனாதான். அந்தப் பேனாவுக்குப் பயந்தே ஆளாளுக்குச் சிரித்த முகத்தோடு வந்து, மார்பை நிமிர்த்திக் காட்டி, நழுவிப் போவார்கள். அவளும் லேசில் விடமாட்டாள். அவள் காதுபடாமல் அவர்கள் வைத்திருந்த பெயர் 'சல்லடை'. அது அவள் காதுக்கு வந்து பத்து வருடமாகிறது.

வீட்டிலும் அதே கதைதான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் அவள் கணவர், சர்க்கரைக்காக தினமும் மாலை நடக்கப் போகிறவர். போய்வந்தேன் என்று அவர் சொன்னால் இவள் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். "ஊர்ல எல்லாருக்கும் மருந்து குடுக்கிற. சந்தேகத்துக்கு மட்டும் உன்கிட்ட மருந்து இல்லையே" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, படைப்பிரிவின் கமாண்டர் தானே மருத்துவமனைக்கு வந்து விமானி ஒருவனின் கோப்பை மேஜைமேல் வைத்தபோது, அவளுக்கு முதலில் வந்ததும் சந்தேகம்தான். கமாண்டர் கோப்பை ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறவர். நடந்து வருகிறவர் இல்லை.

"நம்ம கொக்கு விஷயம்" என்றார்.

கொக்கு என்பது இருபத்தொன்பது வயது விமானி. நீளக் கழுத்துக்காக வந்த பெயர். மூன்று வாரத்தில் இரண்டு முறை பாதிப் பயிற்சியில் தனியாகத் திரும்பி வந்து இறங்கியிருந்தான். இரண்டு முறையும் எழுதிக்கொடுத்தது ஒரே காரணம்: இருபத்தெட்டாயிரம் அடியில் ஆக்சிஜன் போதவில்லை, விரல் மரத்தது, தலை லேசானது, இருக்கையோரம் இருக்கும் பச்சை அவசர வளையத்தை இழுத்தேன், கீழே இறங்கினேன். இரண்டு முறையும் விமானத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. மாஸ்க் சரி, குழாய் சரி, அளவுமானி சரி.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. அப்ப மனுஷன்கிட்டதான் இருக்கு" என்றார் கமாண்டர். "ரெண்டு மாசம் முன்னாடி குழந்தை பிறந்திருக்கு. சில பேருக்கு அதுக்கப்புறம் மேல போகக் கால் கூசும். நீங்க பாக்காததா? மனநிலை பரிசோதனைக்கு அனுப்பணும்னு எழுதிக் குடுங்க. வர்ற திங்கட்கிழமை பெரிய பயிற்சிக்குக் கிளம்பறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"நான் முதல்ல அவனைப் பாக்கணும், சார்."

"பாருங்க. யாரு வேண்டாம்னா?"

சொல்லிவிட்டு எழுந்தவர், கதவருகே நின்று, "நல்ல பையன்தான். கெட்டவன்னு நான் சொல்லல" என்றார். கேட்காத கேள்விக்கு வந்த அந்தப் பதில் அவளுக்கு இடறியது. ஆனால் அன்றைக்கு அவள் சந்தேகம் கமாண்டர்மேல் போகவில்லை. கொக்கின்மேல்தான் போயிற்று.

செவ்வாய்க்கிழமை கொக்கு வந்தான். இரத்த அழுத்தம், இதயம், நுரையீரல், காது, கண் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

"முதல்ல எங்க தெரிஞ்சது?"

"இடது கை சுண்டுவிரல், மேடம். எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. சிரிக்க ஒண்ணுமே இல்ல, ஆனா சிரிப்பு வந்துச்சு. அதுலதான் பயந்தேன்."

அவள் பழைய கோப்பைப் புரட்டினாள். விமானிகள் எல்லாரையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காற்றழுத்தத்தைக் குறைக்கும் இரும்பு அறைக்குள் உட்காரவைத்து மாஸ்க்கைக் கழற்றச் சொல்வார்கள். ஆக்சிஜன் குறையும்போது ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும். ஒருவனுக்குக் கன்னம் சூடாகும், ஒருவனுக்கு நிறங்கள் வெளிறும், ஒருவன் காரணமில்லாமல் கோபப்படுவான். தன் அடையாளம் எது என்று தெரிந்தவன்தான் மேலே பிழைப்பான். கொக்கின் பக்கத்தில் எழுதியிருந்தது: இடது சுண்டுவிரல், பிறகு சிரிப்பு.

அச்சு அசலாக ஒத்துப்போனது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பொய் சொல்ல வருகிறவனுக்கு இந்த வரி மனப்பாடமாகத் தெரிந்திருக்குமே.

"வளையத்தை இழுத்ததும் என்ன ஆச்சு?"

"முப்பது எண்றதுக்குள்ள தெளிஞ்சிடுச்சு. இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. பத்தாயிரத்துக்குக் கீழ இறங்கினேன். தளத்துக்குச் சொன்னேன்." ஒப்பிப்பதுபோலச் சொன்னான். எல்லா விமானியும் அப்படித்தான் ஒப்பிப்பான். வளையத்தை இழு, இணைப்பைப் பார், இறங்கு, சொல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டிய நாலு வரி அது.

"வீட்டுல எல்லாம் நல்லா இருக்காங்களா? குழந்தை?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஓ" என்றான். "அதுவா." அதற்குமேல் ஒரு வார்த்தையும் பிடுங்க முடியவில்லை.

புதன்கிழமை காலை அவன் மனைவி குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தாள். ஊசி போடுவது நர்ஸின் வேலை. டாக்டர் தானே எழுந்து போனாள். குழந்தையின் தொடையைத் தடவிக்கொண்டே, வீட்டுக்காரர் சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்று பேச்சுவாக்கில் கேட்டாள். அந்தப் பெண் இரண்டு கேள்விவரை பொறுத்தாள்.

"மேடம், நீங்க என் குழந்தையைப் பாக்கறீங்களா, இல்ல என் வீட்டுக்காரரை விசாரிக்கறீங்களா?"

டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"விசாரிங்க, பரவால்ல" என்றாள் அவள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "குடியிருப்புல மத்த வீட்டுக்காரம்மாங்க என்னைப் பாத்தா பேச்சை நிறுத்திடறாங்க. ஒருத்தி, உங்க வீட்டுக்காரர் தரையில வேலை கேட்டுட்டாராமேன்னு கேட்டா. அவர் பயந்தவர் இல்ல மேடம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பாக்கறாரு. நூறு தடவை. அந்த வளையம் எங்க இருக்குன்னு கை தானா போகணுமாம். விட்டுட்டு ஓடறவரு எதுக்கு இதைப் பழகறாரு?"

டாக்டர் ஊசிக் குறிப்பில் தேதியை எழுதினாள். நல்ல கேள்விதான். ஆனால் பயந்தவனும் இதையே பழகுவான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. சல்லடை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

அன்று மதியம் அவள் ஆக்சிஜன் அறைக்குப் போனாள். விமானங்கள் நிற்கும் ஹேங்கரை ஒட்டி, தனியாக, ஜன்னல் பெரிதாக வைத்துக் கட்டிய அறை. அதை ஆள்பவர் ஐம்பது வயதுத் தொழில்நுட்பக்காரர். எல்லாரும் அவரைக் காத்து அண்ணன் என்பார்கள். தான் அடைத்துக் கொடுக்கிற காற்றில்தான் இத்தனை பேரும் சூரத்தனம் பண்ணுகிறார்கள் என்று அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. வாசலிலேயே மறித்தார்.

"கையில கிரீம் ஏதாவது போட்டிருக்கீங்களா, மேடம்?"

"காலையில போட்டேன்."

"கழுவிட்டு வாங்க. சோப்பு அந்தப் பக்கம் இருக்கு. எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேந்தா தீதான். நான் வேலை நாள்ல தலைக்கு எண்ணெய் வெச்சு இருபத்திரெண்டு வருஷமாச்சு. என் சம்சாரம் என் தலையைப் பாத்தா தென்னந்துடைப்பம்னு சொல்லுவா."

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். கொக்கின் மாஸ்க்கையும் குழாயையும் மேஜையில் மாட்டி அழுத்தம் ஏற்றிக் காட்டினார். முள் அசையவில்லை. கசிவில்லை. "பாத்துக்குங்க. என் பக்கம் சுத்தம்" என்றார். யாரும் அவர் பக்கம் அழுக்கு என்று சொல்லவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

சுவரோரம் மர அடுக்கில் வருடாந்தரச் சோதனைக்காகக் கழற்றிய பன்னிரண்டு சின்ன சிலிண்டர்கள் நின்றிருந்தன. விமானியின் இருக்கைக்குள் ஒளிந்திருக்கும் அவசர ஆக்சிஜன் சிலிண்டர்கள். வளையத்தை இழுத்தால் திறந்துகொள்ளும். ஒருமுறை திறந்தால் காலியாகும்வரை நிற்காது. யாரும் தொடவில்லை என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு வளையத்திலும் மெல்லிய செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. ஐந்தில் அந்தக் கம்பி கறுத்திருந்தது. ஏழில் பளபளவென்று மின்னியது. ஆனால் எல்லாவற்றிலும் தொங்கிய அட்டையில் போன வருடச் சோதனைத் தேதிதான்.

"கொக்கு இழுத்தது ரெண்டு" என்றாள் அவள். "மத்த அஞ்சுலயும் கம்பி ஏன் புதுசா இருக்கு?"

காத்து அண்ணன் துணியால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "கம்பி பழசாயிடுச்சு. மாத்தினேன்."

"இந்த அஞ்சு மட்டும் பழசாயிடுச்சா? பக்கத்துல கறுத்துப் போனதெல்லாம் அப்படியே நிக்குதே."

"கைக்கு வந்ததை மாத்தினேன், மேடம். வேற ஏதாவது பாக்கணுமா?"

பதிவேட்டைக் கேட்டாள். அதில் இரண்டே நிரப்பல். இரண்டும் கொக்கினுடையது. வெளியே வந்தபோது அவளுக்கு வழி தெளிவாகத் தெரிந்ததுபோல இருந்தது. இந்த மனிதர் சரியாக நிரப்பாமல் விட்டிருக்கிறார். பிறகு யாருக்கும் தெரியாமல் மறுபடி நிரப்பிக் கம்பி கட்டியிருக்கிறார். மடியில் கனம். அதனால்தான் வழியில் பயம்.

கணவர் இரவுச் சாப்பாட்டில் அதைக் கேட்டுவிட்டு, "நேத்து கொக்குதான் பொய்யன்னு சொன்னே. இன்னைக்குக் காத்து அண்ணன். நாளைக்கு யாரு?" என்றார். அவள் அவர் தட்டில் இருந்த மூன்றாவது உருளைக்கிழங்கை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஆளாகக் காத்து அண்ணன் வந்தார். முதுகு வலி என்று சீட்டு. உள்ளே வந்ததும், "கதவைச் சாத்தட்டுமா?" என்றார். சாத்திவிட்டு, வலிக்கிற முதுகு என்று சொன்ன முதுகை வளைத்துக் காலுறைக்குள்ளிருந்து ஒரு தட்டையான அட்டைச் சக்கரத்தை உருவினார். செம்புக் கம்பி சுற்றி வந்த அட்டை. அதில் பென்சிலால் தேதிகள்.

"கம்பி வெட்டும்போதெல்லாம் எழுதி வெப்பேன். பழக்கம். ராத்திரி முழுக்க யோசிச்சேன், மேடம். பதிவேட்டுல எழுதல. ஆனா இதுல இருக்கு."

"சொல்லுங்க."

"பதினொரு வருஷத்துல இந்த வளையம் இழுபட்டது ரெண்டே தடவை. இப்ப ரெண்டரை மாசத்துல ஏழு. கொக்குத் தம்பி மட்டும்தான் எழுதிக் குடுத்துச்சு. மத்தவங்க வந்து, அண்ணே, இறங்கும்போது கையுறை மாட்டிக்கிச்சு, தெரியாம இழுத்துட்டேன், நிரப்பி வெச்சிடுங்கன்னாங்க. ஒருத்தருக்கு மாட்டலாம். வரிசையா எல்லாருக்குமா மாட்டும்?"

"ஏன் எழுதல?"

"முதல்ல வந்தவரே காகிதம் வேண்டாம்னுட்டாரு. பெரியவங்களுக்கு ஒரு நியாயம், சின்னவங்களுக்கு ஒரு நியாயம்னு எப்படி வெக்கறது? அப்புறம் வந்தவங்களுக்கும் எழுதல."

"முதல்ல வந்தது யாரு?"

அவர் மேஜைமேல் இருந்த கோப்பைப் பார்த்தார். கமாண்டர் கையெழுத்து அதன் அடியில் இருந்தது. "உங்ககிட்ட இந்தக் கோப்பைக் கொண்டுவந்து குடுத்தவரு" என்றார்.

"மத்தவங்க?"

"மூணு பேரு பேரு தெரியும். கடைசி ஒண்ணு மட்டும் எனக்கே தெரியாது. காலையில பாக்கறேன், கம்பி அறுந்திருக்கு, சிலிண்டர் காலி. முந்தின நாள் அந்த விமானத்தை மூணு பேரு ஓட்டியிருக்காங்க. யாரும் வாய் திறக்கல."

டாக்டர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அவளால் உடனே நம்பிவிட முடியவில்லை. தன் தப்பு வெளியே வரப்போகிறது என்று தெரிந்த ஆள், தப்பிக்க மேலிருக்கிறவர்மேல் கைகாட்டுவது உலக வழக்கம். அட்டையில் பென்சிலால் யாரும் எப்போதும் எதையும் எழுதலாம்.

அவள் கமாண்டரின் பழைய கோப்பை எடுத்தாள். இரும்பு அறைக் குறிப்பு: வலது கண் ஓரம் மங்கல், சொன்னதையே திருப்பிச் சொல்கிறார், சொல்வது அவருக்கே தெரிவதில்லை. பிறகு அட்டையில் இருந்த முதல் தேதியைக் குறித்துக்கொண்டு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நடந்தாள். மருத்துவக் காரணம் என்றால் ஒலிப்பதிவைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. பதிவுகளைக் காக்கும் பெண் ஒரு ஹெட்போனைக் கொடுத்து, தேதியைத் தட்டித் தேடினாள்.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே கமாண்டரின் குரல் வந்தது. எப்போதும் உளியால் செதுக்கியதுபோலப் பேசுகிறவர். "ஒன்பதாயிரத்துக்கு இறங்குகிறேன். வானிலை." கோபுரத்தில் இருந்தவன் சரி என்றான். "ஒன்பதாயிரத்துக்கு இறங்குகிறேன். வானிலை." கோபுரம் மறுபடியும் சரி என்றது. நாலு நொடி கழித்து, அதே தொனியில், அதே அவசரமில்லாத குரலில், மூன்றாவது முறையாக, "ஒன்பதாயிரத்துக்கு இறங்குகிறேன். வானிலை."

"அன்னைக்கு வானிலை எப்படி?" என்று டாக்டர் கேட்டாள்.

அந்தப் பெண் வேறொரு தாளைப் பார்த்தாள். "மேகமே இல்ல, மேடம்."

பத்தே முக்காலுக்கு அவள் கமாண்டர் அறையில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு விமானங்களை வரிசையில் நிறுத்தி ஏணி போட்டிருந்தார்கள். பதினொன்றரைக்குப் பறப்பு. ஏணியருகே விமானிகள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"எழுதிட்டீங்களா?" என்றார் அவர், கையை நீட்டி.

"எழுதிட்டேன்."

தாளை வாங்கிப் படித்தார். படித்து முடித்தபின்னும் பார்வை தாளிலேயே இருந்தது. தற்காலிகமாகப் பறக்கத் தகுதியில்லை என்று எழுதியிருந்தது. மேலே கொக்கின் பெயர் இல்லை. அவருடைய பெயர் இருந்தது. ஒரு டாக்டருக்குப் படைத்தளத்தில் விமானத்தை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. ஆளை நிறுத்த முடியும். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இது என்ன விளையாட்டு?"

"ரெண்டரை மாசம் முன்னாடி நீங்க வளையத்தை இழுத்தீங்க, சார். எழுதிக் குடுக்கல."

"கையுறை மாட்டிச்சு. யாரு சொன்னது உங்களுக்கு? அந்தக் காத்தா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. ஒலிப்பதிவுல. மூணு தடவை சொன்னீங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. "மூணு தடவையா?" என்றார். "ஒரு தடவைதான் சொன்னேன்."

அவர் முகத்தில் நிறம் இறங்குவதை அவள் பார்த்தாள். பதினாறு வருடத்தில் பொய் சொல்கிற முகங்களை ஆயிரம் பார்த்திருக்கிறாள். இது அது இல்லை. இந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு அவர் தணிந்த குரலில் பேசினார். "வயசுன்னு நெனச்சேன். நாப்பத்தஞ்சு ஆகுது. இன்னும் ஒரு வருஷம், அப்புறம் எப்படியும் மேஜைதான். உங்ககிட்ட வந்தா அந்த ஒரு வருஷமும் போயிடும்னு தோணிச்சு. மெஷினைச் சோதிச்சாங்க, ஒண்ணும் இல்ல. அப்ப என் உடம்புதானே?"

"கொக்கு எழுதிக் குடுத்தப்ப?"

"அவன் சொல்றது நிஜம்னா நான் சொல்லாதது தப்பு. அவனுக்குப் பயம்னு இருந்தா..."

"இன்னும் நாலு பேரு இழுத்திருக்காங்க, சார். ஒவ்வொருத்தரும் தன் உடம்புன்னுதான் நெனச்சிருப்பாங்க. இப்ப ரெண்டு பேரு ஏறப் போறாங்க."

வெளியே ஒருவன் ஏணியில் கால் வைத்துவிட்டான். இவர் போனை எடுப்பாரா, தாளைக் கிழிப்பாரா என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. தாளைக் கிழித்தால் அடுத்து யாரிடம் ஓடுவது என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவர் போனை எடுத்தார். "எல்லாத்தையும் நிறுத்துங்க. காரணம் அப்புறம் சொல்றேன். இறக்குங்க அவங்களை" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு, ஹேங்கருக்குள், கொக்கு கடைசியாகத் திரும்பிவந்த அதே விமானத்தில் அவனை உட்காரவைத்தார்கள். வார் பூட்டி, மாஸ்க் மாட்டி, பறக்கும்போது இருப்பதுபோலவே. காத்து அண்ணன் விமானத்தின் ஓரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இடது பக்கம் குழாய் வந்து சேரும் இணைப்பின்மேல் கசிவு காட்டும் திரவத்தைப் பூசினார். காற்று கசிந்தால் அதில் குமிழி வரும். டாக்டர் ஏணியின் உச்சியில் நின்றாள். கமாண்டர் கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். முன்னால் பார்க்கச் சொன்னார்கள், கீழே பார்க்கச் சொன்னார்கள். குமிழி இல்லை. கீழே நின்ற இன்ஜின் ஆட்களில் ஒருவன் இன்னொருவனிடம் முணுமுணுத்தான். காத்து அண்ணன் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்த பார்வையில், என்னையும் சேர்த்து முட்டாளாக்கிட்டீங்களே என்று இருந்தது.

"மேல என்ன பண்ணிட்டிருந்தே?" என்று டாக்டர் கேட்டாள். "அந்த நிமிஷம். சரியா."

கொக்கு மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினான். "பின்னாடி வர்ற விமானத்தைப் பாத்துட்டிருந்தேன்."

"எப்படிப் பாத்தே? செஞ்சு காட்டு."

அவன் இடது கையால் ஒரு விளிம்பைப் பிடித்து, வலது தோளுக்குமேல் முழு உடம்பையும் முறுக்கி, அந்த நீளக் கழுத்தை இன்னும் நீட்டித் திரும்பினான். குழாய் விறைத்தது. இணைப்பு நகக்கண் அளவு வாய் திறந்தது. பூசிய திரவம் கொதிக்கிற பால்போலப் பொங்கியது.

"அப்படியே இரு, தம்பி, அப்படியே இரு" என்றார் காத்து அண்ணன். "இப்ப முன்னாடி பாரு."

அவன் திரும்பியதும் குழாய் தளர்ந்தது. இணைப்பு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. தொட்டுப் பார்த்தால் பூட்டியிருந்தது. அளவுமானி இணைப்புக்கு முன்னால் இருப்பதால், அதற்கு எதுவும் தெரிய வழியில்லை.

காத்து அண்ணன் பழைய பெட்டியிலிருந்து கழித்துப்போட்ட குழாய் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து அளந்தார். புதியது இரண்டு விரற்கடை குட்டை. புதிய குழாய்கள் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. வேறொரு வகை விமானத்துக்கான குழாய், அதே மாதிரிப் பெட்டியில், ஒரு எண் மட்டும் மாறி வந்திருக்கிறது. மேஜைமேல் நீட்டி வைத்துச் சோதிக்கும்போது நீளம் யார் கண்ணுக்கும் படவில்லை. "நானே மாட்டினேன்" என்று காத்து அண்ணன் யாரிடமும் இல்லாமல் சொன்னார். "எல்லாத்தையும் நானே மாட்டினேன்." கமாண்டர் ஏணியில் ஏறி வந்து, இணைப்பை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பிரீஃபிங் அறையில் விமானிகள் எல்லாரையும் உட்காரவைத்து அவர் தானே எழுந்து சொன்னார். எந்தத் தேதி, எத்தனை அடி, யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்று கையில் குறிப்பு இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். பிறகு இன்னொருவன். மூன்றாவது ஆள் எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. காத்து அண்ணன் கதவோரம் நின்று, டாக்டரைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு ஒன்றை மடக்கினார்.

பெரிய பயிற்சி அவர்கள் இல்லாமலே நடந்தது. விசாரணைக் குழு வந்தது. கமாண்டருக்குப் பறப்பும் போயிற்று, படைப்பிரிவும் போயிற்று. வேறொரு தளத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள். காத்து அண்ணனுக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. அதை மடித்து அவர் அந்தக் கம்பி அட்டையோடு வைத்துக்கொண்டாராம். கொக்கின் மனைவியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியவர்கள் இப்போது வலிய வந்து பேசுகிறார்களாம். "இப்ப நான் நிறுத்திட்டேன், மேடம்" என்றாள் அவள், அடுத்த தடுப்பூசிக்கு வந்தபோது.

கொக்கு ஒருநாள் சீட்டு எதுவும் இல்லாமல் வந்தான். மறுபடி பறக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும், மேடம். நான் சொன்னப்ப நீங்க என்னை நம்பினீங்களா?"

நம்பினேன் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். "இல்ல" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "ரெண்டாவது தடவை இறங்கினப்புறம் நானே என்னை நம்பல. மெஷின்ல ஒண்ணும் இல்லன்னாங்க. எழுதலாமா வேண்டாமான்னு விமானத்துக்குள்ளயே கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"ஏன் எழுதினே அப்புறம்?"

"அடுத்து அதே விமானத்துல ஏற நின்னவனை எனக்குத் தெரியும்" என்றான். கதவு வரை போய், "வர்றேன், மேடம்" என்று கிளம்பினான்.

அந்த ஐந்தாவது ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. விசாரணைக் குழு கேட்டது. அன்று அந்த விமானத்தை ஓட்டிய மூவரும் நான் இல்லை என்றார்கள். அந்த மாதக் கடைசியில் மூவருக்கும் வருடாந்தர மருத்துவச் சோதனை வந்தது. ஒருவன் பின் ஒருவனாக வந்து சட்டையைக் கழற்றி, மார்பை நிமிர்த்தி, ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவள் கேட்டபோது ஒண்ணும் இல்லை, மேடம் என்றார்கள். மூவரின் இதயமும் நன்றாகத்தான் துடித்தது. ஒருவனுக்கு நாடி கொஞ்சம் வேகம். படியேறி வந்ததால் இருக்கலாம். அவள் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடியும் எண்ணினாள். இறங்கியிருந்தது. மூவரும் பறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேகமாகத் துடித்தவனுடைய தாளை மட்டும் கடைசியாக அனுப்பினாள்.